ஏழாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நான் சொன்ன ஒரே வார்த்தை

அன்று வெள்ளிக்கிழமை காலை. புஜைராவில் நான் நாத்தூராக, அதாவது கட்டடக் காவலாளாக, வேலை பார்த்த கட்டடத்தின் கீழ் ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். நான். எங்கள் ரியல் எஸ்டேட் ஆபீஸ் மேனேஜர் முஸ்தஃபா இக்கா, மலப்புறத்துக்காரர். ஏழாம் மாடி அமெரிக்காக்காரர். ஒன்பதாம் மாடி ரஷ்யாக்காரர். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்டு வந்த போலீஸ் அதிகாரி. லிஃப்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த பெஷாவர் மெக்கானிக் குல் பாய். ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

நான்காம் மாடியில் தங்கியிருந்த கப்பல் இன்ஜினியர் அங்கே இல்லை. அவர் இல்லாததுதான் விஷயம். இரண்டு வல்லரசுகளின் உளவு ஆட்கள் ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். போலீஸ் அவரை விசாரித்து வந்திருந்தது. அவர் எங்கே என்று எனக்குத் தெரியும். நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதை எழுதச் சொன்னது வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் சங்கத்தின் மலர்க்குழு. காரணம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன். அவன் இப்போது அதே கட்டடத்தில் செக்யூரிட்டி. போனில் கேட்டான்: "மாமா, இங்க இப்ப நாத்தூரே கிடையாது. கார்டு தேச்சா கதவு தொறக்குது. நீங்க இருந்தப்ப யார் வர்றா, யார் போறான்னு யாருக்குத் தெரியும்?" எனக்குத்தான் தெரியும் என்றேன். அவன் அதை மலர்க்குழுவிடம் சொல்லிவிட்டான், அதனால் வந்த வினை இது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் மலர்க்குழு திருத்திக்கொள்ளட்டும். ஆனால் "கல்" என்று எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இந்தியில் நான் கற்ற முதல் வார்த்தையே அதுதான். கல்ஃப் போன புதிதில் ஒரு சைட்டில் ஹெல்ப்பர். வந்த மூன்றாம் நாள் ஃபோர்மேன் என் பாஸ்போர்ட் காப்பியைக் கேட்டார். ரூமில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். "டீக் ஹை, கல் லாவ்" என்றார். நாளைக்குக் கொண்டு வா என்று அர்த்தம். நான் போய் ஒரு நல்ல கருங்கல்லாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். சைட்டே சிரித்தது. அதற்கப்புறம் பல மாதம் எனக்கு "கல் பாய்" என்றுதான் பெயர்.

பிறகு கற்றுக்கொண்டேன். இந்தியில் கல் என்றால் நாளை. நேற்றுக்கும் அதே கல்தான். எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்டதற்கு, பக்கத்து பெட்டில் இருந்த பீகார்க்காரர், கூட வருகிற வினைச்சொல்லை வைத்து என்றார். எங்கள் கேம்ப் இந்தியில் வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான். போனான், போகிறான், போவான் எல்லாமே "ஜாத்தா". அதை வைத்தே இருபத்து சொச்சம் வருஷம் ஓட்டினேன். கம்பி கட்டி, பெயிண்ட் அடித்து, முதுகு போனபின் முஸ்தஃபா இக்கா தயவில் நாத்தூர் ஆனேன்.

இக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டியிருந்தால் சாவிக் கொத்தை மேஜையில் கவிழ்த்து, ஒவ்வொரு சாவியாக எடுத்துத் துடைத்து வரிசையாக வைப்பார். எல்லாச் சாவியும் வைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. வேலையில் சேர்ந்த அன்று அவர் சொன்ன பாடம் இன்னும் காதில் இருக்கிறது.

"எடோ செல்வராசு, ஒரு காரியம். ஆபீஸ்ல சொல்லாத நீ ஒரு ஃபிளாட்டுக்குள்ளயும் கேறக் கூடாது. தீ பிடிச்சா மட்டும் கேறலாம். பின்னே, யார் யாரைப் பத்திக் கேட்டாலும் தெரியாது, மாலூம் நஹி. தெரிஞ்சாலும் மாலூம் நஹி. கேட்டோ?"

"தெரியாட்டி இக்கா?"

"தெரியாட்டி எந்தா சொல்லுவே? அதே மாலூம் நஹிதான்."

நாத்தூருக்குத் தெரியாதது கட்டடத்தில் எதுவும் இல்லை. உள்ளே போக வேண்டியதில்லை. பின் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். ஏசி ஓடினால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். சொட்டினால் ஆள் இருக்கிறது. காய்ந்திருந்தால் ஆள் இல்லை. வாசலில் வைக்கிற காலித் தண்ணீர் கேன் எத்தனை என்று பார்த்தால் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று தெரியும். குப்பையைக் கட்டியிருக்கும் கட்டைப் பார்த்தால் அம்மா கட்டியதா, பிள்ளை கட்டியதா என்று தெரியும். காலையில் கார் துடைக்கும்போது டயரில் மணல் இருந்தால் பாலைவனம் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு இயல்பிலேயே பயம் ஜாஸ்தி. கேஸ் மூடியை நான்கு தடவை பார்ப்பேன், கதவை இழுத்துவிட்டுத் திரும்ப வந்து இழுப்பேன். பயந்தவனுக்கு நாத்தூர் வேலை பொருந்தும். பார்த்துக்கொண்டே இருப்பான்.

எங்கள் கட்டடத்தின் மேல் மாடிகளிலிருந்து கடல் நேராகத் தெரியும். எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும். ஏழாம் மாடிக்கு வந்தவர் கப்பல் இன்சூரன்ஸ் என்றார். சில வாரம் கழித்து ஒன்பதாம் மாடிக்கு வந்தவர் கப்பல் பெயிண்ட் வியாபாரம் என்றார். இரண்டு பேர் பால்கனியிலும் மூன்று கால் வைத்த பெரிய கேமரா. நான் முதலில் சந்தேகப்படவில்லை. கப்பல் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் ஏழு என்னிடம் வந்து, ஒன்பதுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார். மறுநாள் ஒன்பது வந்து அதையே ஏழைப் பற்றிக் கேட்டார். இருவருக்கும் மாலூம் நஹி சொன்னேன். இருவரும் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஏழு பேசுகிற உருதுவைக் கேட்டால் குல் பாயே வாய் பிளப்பார். ஒன்பது டில்லியில் வருஷக்கணக்கில் இருந்தவராம், இந்தி சுத்தமாக இருக்கும். அந்த இரண்டு பேரோடு நான் என் ஜாத்தாவை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

அப்போதுதான் நான்காம் மாடிக்கு அந்த இன்ஜினியர் வந்தார். ரஷ்யாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன நாடு. ஒல்லியாக, தாடியோடு, எப்போதும் ஒரே நீலச் சட்டை. அவர் வேலை பார்த்த கப்பல், எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கருவியை அணைத்துவிட்டு நடுக்கடலில் எண்ணெய் மாற்றிய கப்பல். பெயரையும் இரண்டு தடவை மாற்றியிருந்தார்களாம். சம்பளம் வராததால் சண்டை போட்டுக் கரைக்கு வந்துவிட்டார். கணக்குத் தீரும்வரை கப்பல் ஏஜென்ட் இந்த ரூமைப் பிடித்துக் கொடுத்திருந்தார். எண்ணெய் யாருடையது, எங்கே ஏற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏழுக்கு அவர் வாயைத் திறக்க வேண்டும். ஒன்பதுக்கு அவர் வாயை மூட வேண்டும். இதெல்லாம் அவரே என்னிடம் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னது.

இரண்டு பேரும் அவரைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார்கள். வெறுங்கையோடு போகவில்லை. ஏழு ஒரு நீல டின் பட்டர் பிஸ்கட். ஒன்பதும் அதே நீல டின். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற அதே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு போனவன் நான். இரண்டையும் அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ராஜ், சேம் பிஸ்கட். சேம் டாக். திஸ் மேன் சே, ஐ சேவ் யூ. தட் மேன் சே, ஐ சேவ் யூ." கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். செல்வராசு அவர் வாயில் ராஜ்தான். "ஐ வான்ட் கோ ஹவுஸ். ஒன்லி ஹவுஸ்."

பயப்படுகிறவனை இன்னொரு பயந்தவனுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். அவர் கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். நானும் அப்படித்தான் செய்வேன்.

அன்று ராத்திரி மல்லிகாவிடம் போனில் சொன்னேன். மல்லிகா என் மனைவி. "உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு? விசாவைக் கிழிச்சு அனுப்பிட்டா, மக படிப்புக்கு நான் எங்க போவேன்?" என்றாள். அவள் சொன்னது சரி. அந்த வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் இரண்டு தடவை போட்டுவிட்டு அதற்கு வேறு பயந்தேன்.

புதன்கிழமை மதியம் அவர் என் ரூமுக்கு வந்தார். மாடிப்படிக்குக் கீழே, பம்பு பக்கத்தில் இருக்கிற ரூம். ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார், முத்திரை எல்லாம் முறைப்படி இருந்தது. மஸ்கட்டிலிருந்து வியாழன் ராத்திரி விமானத்துக்கு அவர் அண்ணன் டிக்கெட் போட்டிருந்தார். துபாய் வழியாகப் போனால் இரண்டு பேரில் ஒருவர் பிடித்துவிடுவார் என்று பயம். ஓமான் எல்லை பக்கம்தான். ஆனால் கையில் காசு இல்லை. டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியதைக் கொடுத்தேன். சோஹாரில் பிக்கப் ஓட்டுகிற எங்கள் ஊர் முருகேசனுக்குப் போன் போட்டு, எல்லையைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரர் நீலச் சட்டையில் நிற்பார், கூட்டிப் போய் மஸ்கட் பஸ் ஏற்றிவிடு என்றேன்.

"என்ன மாமா, சாமான் கடத்துறியா?" என்றான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடா. மனுஷன்தான்."

"அது இன்னும் மோசமாச்சே."

பின் சந்து வழியாக அவரை டாக்ஸியில் ஏற்றினேன். பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ராஜ், மணி கல்" என்றார். என்னிடம் கற்ற வார்த்தை. தண்ணீர் கேன் எப்போது என்று அவர் கேட்டால் கல் என்பேன், லிஃப்ட் எப்போது சரியாகும் என்றால் கல் என்பேன். என் நம்பரை அவர் போனில் போட்டுக்கொண்டார். டாக்ஸி போன பிறகு அண்ணாந்து பார்த்தேன். நான்காம் மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏசியை அணைக்காமலே போய்விட்டார். அணைக்கலாம் என்றால் ஆபீஸில் சொல்லாமல் ஃபிளாட்டுக்குள் போகக் கூடாது. தீ பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

வியாழன் காலை நான் கார் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏழு வந்தார். மற்ற நாள் மாதிரி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, என் கையில் இருந்த துணியை மெதுவாக வாங்கி பானெட் மேல் வைத்தார். போலீஸில் பெரிய ஆட்களைத் தெரியும் என்றார். உன் விசா யார் கையில் என்று கேட்டார். பிறகு, நான்காம் மாடிக்காரர் எப்போது போகிறார் என்று கேட்டார்.

மாலூம் நஹி சொல்லியிருக்க வேண்டும். நாக்கு அப்படித் திரும்பவில்லை. மகள் முகம் வந்து நின்றது. நேற்றே போய்விட்டார் என்று உண்மையைச் சொன்னேன்.

"கல் ஜாத்தா, சாப்."

அவர் முகம் தெளிந்தது. "பக்கா?"

"பக்கா சாப். கல்."

தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த அரை மணியில் ஒன்பது. அவர் மிரட்டவில்லை. கீழே உட்கார்ந்து எனக்குச் சமமாக டயரைப் பார்த்துக்கொண்டே, மகள் எந்தக் காலேஜ் என்று பெயர் சொல்லி விசாரித்தார். அந்தப் பெயரை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்கும் அதையே சொன்னேன். கல் ஜாத்தா.

ரூமுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த மனிதர் இன்னும் மஸ்கட்டில்தான் இருப்பார், விமானம் ராத்திரிதான். இவர்கள் கார் எடுத்தால் மதியத்துக்குள் போய் நிற்பார்கள். நான் ஏற்றிவிட்டு நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். முருகேசனுக்குப் போன் போட்டால், "பஸ் ஏத்திவிட்டாச்சு மாமா, உள்ள போய் உக்காந்துட்டாரு, கை காட்டினாரு" என்றான். அவர் நம்பருக்கு அடித்தால் போகவில்லை. நாள் முழுக்க சந்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஏழின் கார் நகரவில்லை. ஒன்பதின் காரும் நகரவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து அதற்கும் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழு ஹாலுக்கு வந்து இடது பக்க சோபாவில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் ஒன்பது வந்து வலது பக்க சோபாவில். ஒருவர் போனைப் பார்த்தார், மற்றவர் செய்தித்தாளைப் பிரித்தார். அத்தனை மாதத்தில் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். லிஃப்ட் வேறு பழுது, குல் பாய் கதவைக் கழற்றிவிட்டார். யார் இறங்கினாலும் மாடிப்படி வழியாகத்தான் வர வேண்டும். மேலே காலடிச் சத்தம் கேட்டால் இருவர் தலையும் ஒன்றாக நிமிரும். ஒரு தடவை ஐந்தாம் மாடி எகிப்துக்கார அம்மா, ஒரு தடவை பால்காரர்.

நான் இக்காவுக்குப் போன் போட்டேன். அவர் வந்து சாவிக் கொத்தை மேஜையில் கவிழ்த்துத் துடைக்க ஆரம்பித்தார். பாதிச் சாவி வைக்கும்போது போலீஸ் அதிகாரி உள்ளே வந்தார். ஏஜென்ட் புகார் கொடுத்திருந்தார்: ரூமில் ஏசி ஓடுகிறது, மணி அடித்தால் திறக்கவில்லை, உள்ளே ஆளுக்கு ஏதாவது ஆகியிருக்கலாம் என்று. அதிகாரி மரியாதையான மனிதர். இளைஞர். சலாம் சொல்லி, இக்கா கொடுத்த சுலைமானி டீயைக் குடித்துவிட்டு என்னிடம் நல்ல உருதுவில் கேட்டார்: நான்காம் மாடிக்காரர் எங்கே?

போலீஸிடம் என்ன சொல்வது? "கல் ஜாத்தா, அர்பாப்."

"நாளைக்கா போகிறார்? அப்படியானால் இப்போது மேலேதானே இருக்கிறார்?"

"மேலே மாஃபி, இல்ல. கல் ஜாத்தா. முந்தாநாள் கல்."

ஏழு எழுந்தார். அவர் உருது அப்போது கொஞ்சம் தடுமாறியது. இன்றைக்குத்தானே அந்தக் கல் என்று கேட்டார். நீ நேற்று சொன்ன நாளை, இன்றுதானே?

"இல்ல சாப். அது நாளை இல்ல. போன கல்."

லிஃப்ட் குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. குல் பாய் தலையை வெளியே நீட்டினார். கையெல்லாம் கிரீஸ்.

"சாப், இந்த மதராஸி பாய்க்கு 'கயா', அதான் 'போனான்', வராது. பத்து வருஷமா சொல்லித் தர்றேன். இவருக்கு எல்லாமே ஜாத்தா. போன மாசம் செத்துப்போன பக்கத்துக் கட்டட வாட்ச்மேனைக் கேட்டாக்கூட 'மர்ஜாத்தா', சாகுறான்னு தான் சொல்றாரு. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், காப்பாத்தலாம்னு."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். வெளியே போய் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். புதன்கிழமை சாயங்காலம், முறையான பாஸ்போர்ட்டோடு, ஓமான் பக்கம் போனதாக எல்லையில் பதிவு இருந்ததாம். "கலாஸ், முடிந்தது" என்று ஏஜென்ட் கொடுத்த புகாரை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் கல்லாவது இரண்டு நாளில் ஒன்று. எங்கள் அரபியில் புக்ரா என்றால் நாளை என்று சொல்வார்கள். அது எந்த நாள் என்று எங்களுக்கே தெரியாது" என்றார். இக்கா மட்டும் சிரித்தார்.

சோபாக்காரர்கள் சிரிக்கவில்லை. ஏழு ஒன்பதைப் பார்த்தார். ஒன்பது ஏழைப் பார்த்தார். அவனுக்கும் இதையேதான் சொன்னாயா என்று இருவரும் என்னைக் கேட்கவில்லை, முகத்திலேயே படித்துக்கொண்டார்கள். ஒன்பது செய்தித்தாளை நான்காக மடித்தார். லிஃப்ட் இல்லாததால் இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். ஏழாம் மாடியில் ஒரு கதவுச் சத்தம் கேட்டது. ஒன்பதுக்கு இன்னும் இரண்டு மாடி பாக்கி.

இக்கா மிச்சச் சாவிகளையும் துடைத்து வைத்து முடித்தார். நான் நின்றேன்.

"எடோ, நான் எந்தா சொல்லியிருக்கேன்?"

"மாலூம் நஹி, இக்கா."

"அது சொல்லியிருந்தா அவங்க ரெண்டு பேரும் அப்பவே தேடிப் போயிருப்பாங்க." கொத்தை வளையத்தில் கோத்தார். "இனி நீ அதுகூடச் சொல்ல வேண்டா. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஏழு நினைக்கும் நீ ஒன்பதோட ஆள்னு. ஒன்பது நினைக்கும் நீ ஏழோட ஆள்னு."

அது அப்படியேதான் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் எனக்கு முதலில் சலாம் வைத்தார்கள். ஒரு நாள் ஏழு கார்ச் சாவியை நீட்டும்போது, யாரிடம் பயிற்சி எடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். சைட்டில் என்றேன். நம்பவில்லை. என் விசா புதுப்பித்து வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. புதுப்பித்து வந்தது. சில மாதம் கழித்து ஒரே வாரத்தில் இருவரும் காலி செய்தார்கள். அதே மாடிகளுக்கு வேறு இருவர் வந்தார்கள். ஒருவர் கிரேன் வாடகை, ஒருவர் குடிநீர் இயந்திரம். இரண்டு பால்கனியிலும் மறுபடி மூன்று கால் கேமரா. நான் வயது முடிந்து ஊர் வந்துவிட்டேன்.

ஊரில் என் மச்சான், நான் இரண்டு வல்லரசுகளையும் ஒரே வார்த்தையில் ஏமாற்றியதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான். மலரில் அப்படிப் போட்டுவிட வேண்டாம். நான் பயத்தில் உண்மையைத்தான் சொன்னேன். அவரைக் காப்பாற்றியது என் மோசமான இந்தி.

காப்பாற்றியதா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. மஸ்கட் பஸ்ஸில் ஏறிக் கை காட்டினார் என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. விமானம் ஏறினாரா, அங்கே வேறு யாராவது காத்திருந்தார்களா, வீடு போய்ச் சேர்ந்தாரா, தெரியாது. அவரிடம் இருப்பது என் கல்ஃப் நம்பர் மட்டும்தான். அது செத்துவிடாமல் இருக்க ஊரிலிருந்தே முருகேசன் மூலமாக ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கொடுத்ததை விட இதற்குக் கொடுத்தது அதிகம் என்று மல்லிகா சொல்கிறாள். பணத்துக்காக இல்லை என்றால் அவளுக்குப் புரிகிறது, ஆனாலும் சொல்கிறாள். அந்தப் பணம் வந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

"மணி கல்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது வரப்போகிற கல். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வரவேண்டியது இருநூற்று இருபது திர்ஹம்.